தாவர எண்ணெய் நோயெதிர்ப்பை மாற்றுகிறதா: ஆய்வக விலங்குகளில் சோதனையை வடிவமைக்கும் முறை

ஒரு தாவர எண்ணெயைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, சில நாள் கழித்து அவற்றின் நோயெதிர்ப்பு அளவீடுகளைப் பார்த்தால், ஏதோ ஒன்று மாறியிருப்பதைக் காண்பது அரிதன்று. அந்த மாற்றம் எதனால் வந்தது என்று சொல்வதுதான் கடினம். எண்ணெய் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. அது கலோரியையும் கொழுப்பு அமிலங்களையும் தரும் உணவு. உடலின் சில இடங்களில் வைத்தால் திசுவை உறுத்தும் அயற்பொருள். மிகச் சிறிய அளவில் இருக்கும் டெர்பீன்கள், லிமோனாய்டுகள் போன்ற வேதிப்பொருள்களைச் சுமந்து செல்லும் ஊடகம். ஆய்வாளர் பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றித்தான் கேள்வி எழுப்புகிறார். விலங்கின் உடலோ மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறது. இந்தப் பதில்களைப் பிரித்தெடுக்க உதவுவது ஒப்பீட்டுக் குழுவின் தேர்வு என்பதால், இந்த வழிகாட்டி அதற்கே அதிக இடம் தருகிறது. எடுத்துக்காட்டு பெரும்பாலும் வேப்பெண்ணெய். முறை எந்த எண்ணெய்க்கும் பொருந்தும்.

வேப்பெண்ணெயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1992-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் சுண்டெலிகளின் வயிற்றறைக்குள், அதாவது குடலைச் சூழ்ந்த வயிற்று உட்குழிக்குள், வேப்பெண்ணெய் செலுத்தப்பட்டது. மூன்றாம் நாளில் வயிற்றறைத் திரவத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது. அயற்பொருளை விழுங்கும் செல்களான மேக்ரோபேஜ்களின் விழுங்கும் திறனும், விழுங்கியதை மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் இரண்டாம் வகை எம்எச்சி மூலக்கூறுகள் அவற்றின் மேற்பரப்பில் வெளிப்படுவதும் உயர்ந்தன. நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் புரதமான இன்டர்ஃபெரான் காமாவின் உற்பத்தி தூண்டப்பட்டது. செல்களைப் பெருகத் தூண்டும் தாவரப் புரதமான கான்கனாவலின் ஏ-க்கும், தடுப்பூசிப் பொருளான டெட்டனஸ் டாக்சாய்டுக்கும் மண்ணீரல் செல்கள் கூடுதலாகப் பெருகின. ஆனால் டெட்டனஸ் டாக்சாய்டுக்கு எதிரான ஆன்டிபாடி அளவு மட்டும் கூடவில்லை. அந்த ஆய்வின் ஒப்பீட்டு விலங்குகள் வெற்று உப்புநீர் பெற்றவை அல்ல. எண்ணெயை நீரில் சிறு துளிகளாகக் கலக்கவைக்கும் பால்மமாக்கியை மட்டும் பெற்றவையும், பால்மமாக்கியோடு நிலக்கடலை எண்ணெய் பெற்றவையும் ஆகும். இந்த ஒப்பீட்டுத் தேர்வுதான் அந்த ஆய்வை இன்றும் படிக்கத் தகுந்ததாக வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் எண்ணெயை அறிய வேண்டும்

"வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அந்தச் சோதனையை வேறொருவர் திரும்பச் செய்ய முடியாது. விதை எங்கிருந்து வந்தது, செக்கில் ஆட்டியதா அல்லது ஹெக்சேன் போன்ற கரைப்பானால் பிரித்தெடுத்ததா, சுத்திகரிக்கப்பட்டதா என்பவற்றைப் பொறுத்து உள்ளடக்கம் வேறுபடும். வாயு நிறப்பிரிகை மூலம் கொழுப்பு அமிலங்களின் விகிதத்தையும், திரவ நிறப்பிரிகை மூலம் முக்கியமான சிறு பொருள்களையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். வேப்பெண்ணெயில் அசாடிராக்டின், நிம்பின், சலானின் ஆகியவை இந்தச் சிறு பொருள்களில் அடங்கும். கருஞ்சீரகம் போன்ற விதைகளில் நிலையான கொழுப்பெண்ணெய் வேறு, ஆவியாகும் எண்ணெய் வேறு. தைமோகுயினோன் இரண்டாவதன் முக்கியக் கூறு. இரண்டையும் ஒரே பெயரில் குறிப்பிடும் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பயனில்லை.

எண்ணெயோடு கூடவே வரும் வேண்டாத பொருள்கள் மூன்று. ஒன்று, ஆக்சிஜனேற்றத்தால் உண்டாகும் பெராக்சைடுகளும் ஆல்டிஹைடுகளும். இவை தாமாகவே அழற்சியைத் தூண்டவோ செல்களைக் கொல்லவோ கூடியவை. சமையல் எண்ணெய்களுக்கான கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரநிலை, சுத்திகரித்த எண்ணெய்க்குக் கிலோவுக்கு 10 மில்லி ஈக்விவலன்ட், சுத்திகரிக்காததற்கு 15 என்று பெராக்சைடு மதிப்பின் உச்ச வரம்பை வைத்துள்ளது. நோயெதிர்ப்புச் சோதனைக்கு அந்த வரம்பை ஒட்டி நிற்பதைவிட அதற்கு வெகு கீழே இருப்பது நல்லது. சோதனை முழுவதற்கும் தேவையான அளவை ஒரே தொகுதியிலிருந்து எடுத்து, சிறிய கருநிறக் குப்பிகளில் நைட்ரஜன் வாயுவின் கீழ் அடைத்து, உறைநிலையில் வைத்து, ஒருமுறை திறந்த குப்பியை மீண்டும் சேமிக்காமல் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் பெராக்சைடு மதிப்பை அளந்து பதிவு செய்யவும்.

இரண்டாவது, பூஞ்சை நச்சு. ஈரத்தோடு சேமித்த விதைகளில் அஃப்லடாக்சின் உருவாகலாம். அது நோயெதிர்ப்பை அடக்குவதால், எண்ணெயின் குணமென்று தவறாக எண்ண வாய்ப்புண்டு. மூன்றாவது, பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து வரும் நச்சான என்டோடாக்சின். ஊசி வழியாகச் செலுத்தும் திட்டம் இருந்தால் இதைச் சோதிக்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது. ஏனெனில் மேக்ரோபேஜ்களைத் தூண்ட நானோகிராம் அளவே போதும், அதன் விளைவு "எண்ணெய் நோயெதிர்ப்பை ஊக்குவிக்கிறது" என்ற முடிவைப் போலவே தோற்றமளிக்கும். என்டோடாக்சினை அளக்கும் வழக்கமான லிமுலஸ் சோதனை நீர்க்கரைசலில் நடப்பதால், எண்ணெயை நேரடியாக அதில் இட முடியாது. என்டோடாக்சின் இல்லாத நீரோடு நன்கு குலுக்கி, நீர்ப்பகுதியைப் பிரித்து அளக்க வேண்டும், அத்துடன் தெரிந்த அளவு என்டோடாக்சினைச் சேர்த்து அது மீண்டும் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் சி3எச்/ஹெச்இஜே இனச் சுண்டெலிகள் கைகொடுக்கும். என்டோடாக்சினை உணர உதவும் டிஎல்ஆர்4 மரபணுவில் உள்ள மாற்றத்தால் அதற்கு அவை ஏறக்குறைய பதிலளிப்பதே இல்லை என்பது 1998-இல் தெளிவாயிற்று. எண்ணெய் அவற்றிலும் அதே விளைவைத் தந்தால், காரணம் என்டோடாக்சின் அன்று.

தாவர எண்ணெய் என்றாலே மென்மையானது என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். நேர்வாள எண்ணெயில் உள்ள ஃபார்பால் எஸ்டர்கள் சுண்டெலியின் காதில் ஒரு துளியிலேயே வீக்கம் உண்டாக்கும். அவற்றுள் ஒன்றான பிஎம்ஏ, ஆய்வகங்களில் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுவதற்கென்றே வாங்கப்படும் வேதிப்பொருள்.

எதனோடு ஒப்பிடுவது

25 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு, கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் என்ற கணக்கில் எண்ணெய் ஊட்டினால் அது 0.25 மில்லிலிட்டர். எடையில் ஏறக்குறைய 0.23 கிராம், கிராமுக்கு 9 கிலோகலோரி வீதம் சற்றேறக்குறைய 2 கிலோகலோரி. அந்த விலங்கு நாளொன்றுக்கு உண்ணும் உணவு 12 முதல் 14 கிலோகலோரி. ஆக, "மருந்து" என்று நினைத்துக் கொடுக்கும் எண்ணெய் அதன் நாள் உணவின் ஆறில் ஒரு பங்குக்குச் சமம். விலங்கு அதற்கேற்பத் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். தீவனம் குறையும்போது புரதமும் துத்தநாகமும் குறையும். இவை இரண்டும் தைமஸ் சுரப்பியையும் லிம்போசைட்டுகளையும் பாதிப்பவை. உப்புநீர் பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் இவற்றில் எதுவும் நடக்காது. உப்புநீரை மட்டும் ஒப்பீடாக வைத்த சோதனை, உண்மையில் கொழுப்பைக் கூடுதலாக உண்பதன் விளைவைத்தான் சோதித்திருக்கிறது.

அதனால் இன்னோர் எண்ணெயை ஒப்பீடாக வைப்பது இயல்பான அடுத்த படி. அங்கும் வழுக்கல் உண்டு. சோள எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் லினோலியிக் அமிலம் மிகுந்தவை. உடல் அதிலிருந்து அராகிடோனிக் அமிலத்தையும், அதிலிருந்து, நோயெதிர்ப்பைப் பாதிக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2-வையும் உருவாக்குகிறது. ஆளிவிதை எண்ணெயின் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். சோள எண்ணெயையும் ஆளிவிதை எண்ணெயையும் எதிரெதிரே வைத்துவிட்டு, வேறுபாட்டை ஆளிவிதையின் சிறு பொருள்களான லிக்னான்களுக்கு உரியதென்று சொல்ல முடியாது. வேப்பெண்ணெயில் ஏறத்தாழ பாதி ஓலியிக் அமிலம்; பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் அதற்கடுத்துக் கணிசமானவை; மீதியில் லினோலியிக். ஆகவே ஓலியிக் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயையும் கோகோ வெண்ணெயையும் இளஞ்சூட்டில் கலந்து, சாதாரணச் சூரியகாந்தி எண்ணெய் சிறிது சேர்த்தால், அதற்கு நெருங்கிய கொழுப்பு அமில விகிதம் கிடைக்கும். விகிதத்தை வாயு நிறப்பிரிகையில் சரிபார்த்து, இரண்டிலும் டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) அளவைச் சமப்படுத்திக்கொண்டால் ஒப்பீடு நேர்மையாகிறது.

இதைவிடக் கூர்மையான ஒப்பீடு, அதே எண்ணெயின் உரித்தெடுத்த வடிவம். எண்ணெயைச் சிலிக்கா தூள் நிரப்பிய குழாயான பத்தியின் வழியே செலுத்தினால் முனைவுத்தன்மை கொண்ட சிறு பொருள்கள் பத்தியில் தங்கி, எண்ணெயின் முதன்மைக் கொழுப்பான டிரைகிளிசரைடு மட்டும் வெளிவரும். முழு எண்ணெய் தரும் விளைவை உரித்த எண்ணெய் தராமலும், பத்தியிலிருந்து மீட்ட பொருள்களை உரித்த எண்ணெயோடு திரும்பச் சேர்க்கும்போது விளைவு மீண்டும் தோன்றியும் இருந்தால், அந்தச் சிறு பொருள்களைப் பற்றிப் பேச ஆய்வாளருக்கு உரிமை உண்டு. வேலை கூடுதல்தான். ஆனால் செல்களிடையே செய்தி கடத்தும் சைட்டோகைன் புரதங்களில் பத்து விதங்களை அளப்பதைவிட இந்த ஒரு குழுவைச் சேர்ப்பது அதிகம் சொல்லும்.

ஊசி வழியில் ஒப்பீடு இன்னும் சிக்கலாகிறது, ஏனெனில் எந்த எண்ணெயும் வயிற்றறையில் செயலற்றுக் கிடப்பதில்லை. நோயெதிர்ப்பு விளைவைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஃபிராய்ண்ட் துணைமருந்தின் அடிப்படை கனிம எண்ணெயே. பிரிஸ்டேன் என்ற ஹைட்ரோகார்பனை வயிற்றறையில் செலுத்தினால் சுண்டெலிகளில் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் தோன்றுகிறது. 1960-களில் உருவாக்கப்பட்ட அட்ஜுவன்ட் 65 என்ற தடுப்பூசித் துணைமருந்தில் இருந்தது நிலக்கடலை எண்ணெய். எனவே நிலக்கடலை எண்ணெய்க் குழுவிலும் வெள்ளணுக்கள் திரளும். அது குறை அன்று, எதிர்பார்க்க வேண்டியது. கேள்வி, வேப்பெண்ணெய் அதற்கு மேல் என்ன செய்கிறது என்பதே. இதற்கு ஐந்து குழுக்களாவது வேண்டும்: எதுவும் பெறாமல் கையாளப்பட்டவை மட்டும், பால்மமாக்கி மட்டும், ஒத்த விகிதமுள்ள எண்ணெயும் பால்மமாக்கியும், உரித்த வேப்பெண்ணெயும் பால்மமாக்கியும், முழு வேப்பெண்ணெயும் பால்மமாக்கியும். துளியின் அளவும் எல்லாப் பால்மங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்; மேக்ரோபேஜ் எதை விழுங்கும் என்பது துளியின் பருமனைப் பொறுத்தது.

செலுத்தும் வழியும் அளவும்

மனிதர் உட்கொள்வதைப் பற்றிய கேள்விக்கு வாய்வழி; தடுப்பூசித் துணைமருந்து பற்றிய கேள்விக்கு ஊசி. இரண்டையும் குழப்பக் கூடாது. வாய்வழியில் தொண்டை வழியாக இரைப்பைக்குக் குழல் விட்டு ஊட்டினால் அளவு துல்லியமாக இருக்கும். ஆனால் நாள்தோறும் பிடித்து ஊட்டுவதே விலங்குக்கு அழுத்தம், அழுத்தத்தில் சுரக்கும் கார்டிகோஸ்டிரோன் தைமஸைச் சுருக்கும். தவறி மூச்சுக்குழலில் சென்ற எண்ணெய் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். எண்ணெய்க்குக் கிலோவுக்கு 5 மில்லிலிட்டருக்குள் நிற்பதே என் பரிந்துரை. வேப்பெண்ணெய்க்கு இது இன்னும் முக்கியம்: 1988-இல் வெளியான நச்சுத்தன்மை ஆய்வில், வாய்வழி கொடுத்த எலிகளில் பாதி இறக்கும் அளவு கிலோவுக்கு 14.1 மில்லிலிட்டர் என்று கண்டார்கள். அந்த எல்லைக்கு அருகில் கொடுத்துவிட்டு நோயெதிர்ப்பு குன்றியது என்று எழுதுவது, நச்சுக்கு ஆளான விலங்கைப் பற்றிய செய்தியே தவிர எண்ணெயின் நோயெதிர்ப்புக் குணத்தைப் பற்றியதன்று. குறைந்தது மூன்று அளவுகளைச் சோதிக்கவும். அவற்றில் மேலான அளவும் உடல் எடையைக் குறைக்காததாக இருக்கட்டும்.

உணவில் கலந்து கொடுப்பது நீண்ட சோதனைக்கு ஏற்றது. 1993-இல் அறிமுகமான ஏஐஎன்-93ஜி என்ற தரப்படுத்திய ஆய்வகத் தீவனத்தில் கிலோவுக்கு 70 கிராம் சோயா எண்ணெய் உண்டு. சோதனை எண்ணெயை இதன் மேல் கூடுதலாகச் சேர்க்காமல், ஒரு பகுதிக்குப் பதிலாக வைக்க வேண்டும். சான்றாக 50 கிராம் சோயா எண்ணெயோடு 20 கிராம் சோதனை எண்ணெய் அல்லது 20 கிராம் ஒப்பீட்டு எண்ணெய். சோயா எண்ணெயை முழுவதும் நீக்கிவிட்டால், அது தந்துகொண்டிருந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் போய்விடும், புதிய குழப்பம் ஒன்று முளைக்கும். வேப்பெண்ணெயின் கசப்பால் விலங்குகள் தீவனத்தை ஒதுக்கக்கூடும் என்பதால், உண்ட அளவை நாள்தோறும் எடைபோட்டு, ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவே வழங்கவும். தீவனத்தைச் சிறு தொகுதிகளாகத் தயாரித்து உறைநிலையில் வைத்து, கூண்டில் மிஞ்சியதை அடுத்த நாளே எடுத்துவிட வேண்டும்.

விலங்கும் கூண்டும்

சோதனைக்கு முன்னரே நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். மாற்று வழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்று 1959-இல் வகுக்கப்பட்ட மூன்று நெறிகளை விண்ணப்பத்தின் சடங்காகக் கருதாமல் வடிவமைப்பின் பகுதியாகக் கொண்டால் சோதனையும் செம்மையடையும். மேக்ரோபேஜ் செல்வரிசைகளில் எண்ணெயின் பகுதிகளை முதலில் சோதித்து, ஒன்றும் செய்யாதவற்றைக் கழித்துவிட்டால் விலங்குக் குழுக்கள் குறையும்.

இனத் தேர்வு முடிவைச் சாய்க்கும். சி57பிஎல்/6 இனம் இன்டர்ஃபெரான் காமா பக்கம் சாயும் டிஎச்1 வகைப் பதிலையும், பால்ப்/சி இனம் ஆன்டிபாடி பக்கம் சாயும் டிஎச்2 வகைப் பதிலையும் எளிதில் தருபவை. செல்வழி எதிர்ப்பு மட்டும் கூடியது, ஆன்டிபாடி கூடவில்லை என்ற வகை முடிவை உறுதிசெய்ய விரும்புபவர் இரண்டு இனங்களிலும் பார்ப்பது நல்லது. இருபாலும் வேண்டும், பெண் விலங்குகளின் ஆன்டிபாடி விளைவு பொதுவாக வலுவானது.

கூண்டைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். சுண்டெலிகள் ஒன்றன் எச்சத்தை மற்றொன்று உண்பவை. ஒரே கூண்டில் இருப்பவற்றின் குடல் நுண்ணுயிர்கள் விரைவில் ஒன்றுபோலாகிவிடும், அந்த நுண்ணுயிர்களே நோயெதிர்ப்பை வடிவமைப்பவை. ஒரு குழுவின் ஐந்து விலங்குகளும் ஒரே கூண்டில் இருந்தால், கூண்டின் விளைவையும் எண்ணெயின் விளைவையும் பிரிக்க வழியில்லை. எண்ணெய் தீவனத்தில் கலக்கப்பட்டிருந்தால் புள்ளியியல் அலகு கூண்டே, விலங்கு அன்று. ஆவியாகும் எண்ணெய்களில் மேலும் ஒரு சிக்கல் சேர்கிறது: மணம் அறையெங்கும் பரவி ஒப்பீட்டு விலங்குகளும் அதைச் சுவாசிக்கும், யார் எந்தக் குழு என்பது அளப்பவருக்கும் மூக்கினாலேயே தெரிந்துவிடும். தனிக் காற்றோட்டமுள்ள கூண்டுகள் வேண்டும். மாதிரிகளைக் குறியீட்டு எண்ணோடு வேறோர் அறையில் அளக்க வேண்டும். தேவதாரு மரத்தூள் படுக்கையின் ஆவி கல்லீரல் நொதிகளைத் தூண்டும் என்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்டது. வாசனை அற்பமானது என்று ஒதுக்க இடமில்லை.

எதை, எப்போது அளப்பது

உடல் எடை, உண்ட தீவனம், மண்ணீரல் எடை, தைமஸ் எடை, வெள்ளணு எண்ணிக்கை ஆகியவை அடிப்படை. இவை எதையும் நிரூபிப்பதில்லை, எச்சரிக்கை மட்டும் தரும். மண்ணீரல் பெருத்தது என்பதை நோயெதிர்ப்பு கூடியது என்று வாசிப்பது பரவலாகக் காணும் பிழை. தொற்றிலும், இரத்த அழிவிலும்கூட மண்ணீரல் பெருக்கும்.

செயலை அளக்கும் சோதனைகளில் முதலிடம் டி-செல் சார்ந்த ஆன்டிபாடி விளைவுக்கு. செம்மறியாட்டின் சிவப்பணுக்களைச் செலுத்தி, நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் மண்ணீரலில் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி சுரக்கும் செல்களை எண்ணும் முறை 1963-இலிருந்து வழக்கில் உள்ளது; கேஎல்ஹெச் புரதத்தைச் செலுத்தி, அதற்கு எதிரான ஆன்டிபாடியை எலைசா என்ற நிறமாற்றச் சோதனையில் அளப்பது அதைவிடத் தரப்படுத்த எளிது. ஆன்டிஜெனை (நோயெதிர்ப்பைத் தூண்டும் அயற்பொருளை) உள்வாங்குதல், டி-செல் உதவி, பி-செல் முதிர்ச்சி என்ற மூன்றும் சரியாக நடந்தால்தான் ஆன்டிபாடி உருவாகும் என்பதால், ஒரே அளவீட்டில் பல படிகள் சோதிக்கப்படுகின்றன. செல்வழி எதிர்ப்புக்குத் தாமத வகை உணர்மிகை: முன்பே ஆன்டிஜென் பெற்ற விலங்குக்கு மீண்டும் அதைத் தோலில் செலுத்தி, 24 மற்றும் 48 மணி நேரத்தில் வீக்கத்தை அளப்பது. பாதத்தைவிடக் காதில் செய்வது விலங்குக்குத் துன்பம் குறைந்தது.

கரித்துகள் அகற்றல் சோதனை எண்ணெய் ஆய்வுகளில் அடிக்கடி தென்படுகிறது, அங்கேயே அடிக்கடி தவறியும் போகிறது. சிரையில் கரித்துகள் கலந்த மையைச் செலுத்தி, அது இரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாக மறைகிறது என்பதை ஒளி உறிஞ்சலால் கணக்கிடுகிறார்கள். எண்ணெய் ஊட்டிய சில மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்தால் கொழுப்பு கலந்த பிளாஸ்மா பால்போல் கலங்கியிருக்கும், உறிஞ்சல் தவறாகும். கல்லீரலின் விழுங்கு செல்களும் கொழுப்புத் துளிகளைக் கையாளுவதில் ஈடுபட்டிருக்கும். கடைசி ஊட்டலுக்கும் இந்தச் சோதனைக்கும் இடையே ஒரு முழு நாள் விட்டு, மை செலுத்துவதற்கு முன் எடுத்த இரத்தத்தின் உறிஞ்சலைக் கழிக்க வேண்டும்.

மண்ணீரல் செல்களை எடுத்து வெளியே வளர்க்கும்போது ஊடகத்தில் கன்றுச் சீரம் சேர்ப்பது வழக்கம். செல்கள் அந்தச் சீரத்தின் கொழுப்பு அமிலங்களை ஏற்றுக்கொண்டு, விலங்கின் உணவு தந்த விகிதத்தை இழக்கத் தொடங்கும்; உணவின் விளைவு தட்டிலேயே அழிந்துவிடும். அதே விலங்கின் அல்லது அதே குழுவின் சீரத்தைக் குறைந்த அளவில் பயன்படுத்தினால் இது பெரிதும் தவிர்க்கப்படும். செல்களைக் கான்கனாவலின் ஏ கொண்டு தூண்டுவதோடு நில்லாமல், விலங்கு முன்பே சந்தித்த ஆன்டிஜெனாலும் தூண்டிப் பார்க்கவும். முன்னது எல்லா டி-செல்களையும் எழுப்பும், பின்னது நினைவுள்ளவற்றை மட்டும்.

ஊசி வழிச் சோதனையில் காலம் தனிக் காரணி. வயிற்றறைச் செல்களின் திரட்சி சில நாள்களில் ஏறி இறங்கும் என்பதால், முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று குறைந்தது மூன்று நேரங்களில் தனித்தனி விலங்குகளில் அளக்க வேண்டும். முதல் நாளில் நியூட்ரோஃபில், பின்னர் மேக்ரோபேஜ் என்ற வரிசை எந்த உறுத்தலுக்கும் பொதுவானது. உயர்வின் அளவோ அது நீடிக்கும் காலமோ மட்டுமே எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடக்கூடும்.

சைக்ளோஃபாஸ்ஃபமைடு கொடுத்து நோயெதிர்ப்பைத் தாழ்த்திவிட்டு, எண்ணெய் அதை மீட்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. அந்த மருந்து கல்லீரல் நொதிகளால்தான் செயல்வடிவம் பெறுகிறது. எண்ணெய் அந்த நொதிகளைத் தடுத்தாலே "மீட்பு" தோன்றும். மருந்தின் சிதைபொருள் அளவை இரத்தத்தில் பார்க்காமல் இந்த மாதிரியை நம்ப வேண்டாம்.

கணக்கும் அறிக்கையும்

எந்த ஓர் அளவீட்டின் மேல் முடிவு நிற்கும் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்து, விலங்கு எண்ணிக்கையை அதற்கேற்பக் கணக்கிட்டு, குழுக்களைக் கணினி தரும் சீரற்ற எண்களால் ஒதுக்க வேண்டும். இருபது அளவீடுகளைச் செய்து, நூற்றுக்கு ஐந்து என்ற வரம்பில் பார்த்தால், எதுவுமே செய்யாத எண்ணெயும் சராசரியாக ஒன்றில் "விளைவு" காட்டும். 2010-இல் வெளியாகி 2020-இல் திருத்தப்பட்ட, விலங்கு ஆய்வு அறிக்கைகளுக்கான அரைவ் வழிகாட்டுதல்களைப் பின்பற்றி எழுதினால் எதையும் விட்டுவிட நேராது; அத்துடன் எண்ணெயின் கொழுப்பு அமில அட்டவணை, பெராக்சைடு மதிப்பு, என்டோடாக்சின் அளவு, ஒப்பீட்டு எண்ணெயின் அதே விவரங்கள் ஆகியவற்றையும் சேர்க்கவும். கூடாத ஆன்டிபாடியையும் கூடிய இன்டர்ஃபெரானோடு ஒரே அட்டவணையில் இடவும்.

மனிதருக்கான அளவைப் பற்றி அறிக்கையில் ஏதேனும் சொல்ல நேர்ந்தால், சுண்டெலியின் கிலோ அளவை அப்படியே எடுக்காமல், உடற்பரப்பின் அடிப்படையில் ஏறத்தாழ 12.3-ஆல் வகுக்க வேண்டும். எலியின் அளவானால் 6.2-ஆல். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 2 மில்லிலிட்டர் கொடுத்திருந்தால், 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அது ஏறக்குறைய 10 மில்லிலிட்டர். வேப்பெண்ணெயை உட்கொண்ட குழந்தைகளுக்குக் கடும் நச்சு விளைவுகள் நேர்ந்ததாக மருத்துவப் பதிவுகள் இருப்பதால், இந்தக் கணக்கு பாதுகாப்பான அளவைச் சொல்லவில்லை என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும். வயிற்றறைக்குள் செலுத்திய அளவுக்கு இந்த வகுத்தலே பொருந்தாது. அந்த எண்ணெய் குடல் வழியாகச் செல்லவே இல்லை.